பாதை தெரியாத ப்ராம்ப்டில் ஆர்எம் அடிக்காதீர்கள்

மறுபடியும் அதே கதைதான். சோதனைத் தளத்தின் பழைய படங்களைத் துடைக்கப் போனவர், ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையை அடித்து, நேரடித் தளத்தின் படங்களைத் துடைத்துவிட்டு வந்து நிற்கிறார். கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினல் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. நேரம், பேட்டரி அளவு, ஐகான் எல்லாம் ப்ராம்ப்டில், அதாவது கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் தானாக வரும் வரியில், உண்டு. ஃபோல்டருக்கு மட்டும் கடைசிப் பெயர்: அப்லோட்ஸ். இரண்டு தளங்களிலும் ஒரு அப்லோட்ஸ் இருக்கிறதே, இது எது?

ப்ராம்ப்டை வெறும் அலங்காரம் என்று நினைப்பதுதான் இங்கே கோளாறு. உபுண்டு லினக்ஸில் வழக்கமாக வரும் ப்ராம்ப்டைக் கொஞ்சம் நின்று படியுங்கள். முதலில் பயனர் பெயர், அடுத்து கணினியின் பெயர், அப்புறம் பாதை (ஃபோல்டர் இருக்கும் இடம்), கடைசியில் ஒரு குறி. நீங்கள் யாராக நுழைந்திருக்கிறீர்கள், எந்தக் கணினியில், எந்த ஃபோல்டரில், என்ன அதிகாரத்தோடு என்று நான்கு கேள்விகளுக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. டாலர் குறி என்றால் சாதாரணப் பயனர். ஹேஷ் குறி என்றால் ரூட், எதை வேண்டுமானாலும் அழிக்க முடியும். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக மூன்று சர்வர்கள் திறந்திருக்கும்போது அவற்றைப் பிரித்துக் காட்டுவது அந்தக் கணினிப் பெயர்தான். அதைத்தான் 'இடத்தை அடைக்கிறது' என்று முதலில் எடுத்துவிடுகிறார்கள்!

நகர்வதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். இருக்கும் இடத்தைக் காட்டும் பிடபிள்யூடி, உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ், ஃபோல்டர் மாற்றும் சிடி போதும். சிடியோடு இரண்டு புள்ளி போட்டால் ஒரு படி மேலே, சிறுகோடு போட்டால் முன்பு இருந்த இடத்துக்கு. பெயரை முழுதாக அடிக்காமல் டேப் விசையை அழுத்துங்கள். விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் சிடி மட்டும் அடித்தால் இருக்கும் இடத்தைக் காட்டும். லினக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்கே கொண்டுபோய்விடும்.

ஆர்எம் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது. கன்ட்ரோல் இசட் அடித்தாலும் திரும்பாது. ஓடும் வேலையை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். அழிப்பதற்கு முன் பிடபிள்யூடி அடியுங்கள். அதே ஃபோல்டரை எல்எஸ் போட்டுப் பாருங்கள். தயவுசெய்து.

சரி, அழகுபடுத்தலாம், தாராளமாக. நீங்கள் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் ஷெல் நிரல் பாஷ் என்றால், ப்ராம்ப்டின் வடிவத்தை வைத்திருக்கும் பிஎஸ்1 என்ற மாறியைத் தொட வேண்டும். அது பெரும்பாலும் பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் இருக்கும். கோப்பை நகலெடுத்துவிட்டுத் தொடுங்கள். பழைய ஜன்னலை மூடாமல் புதிய ஜன்னலில் சோதியுங்கள். பின்சாய்வுக்கோட்டுக்குப் பிறகு சிற்றெழுத்து டபிள்யூ போட்டால் முழுப் பாதை. பேரெழுத்து போட்டால் கடைசிப் பெயர் மட்டும். மேலே சொன்ன விபத்துக்கு அந்த ஒரு எழுத்துதான் காரணம்.

நிறக் குறியீடுகளைப் பின்சாய்வுக்கோடு சேர்த்த சதுர அடைப்புக்குள் வைக்க மறக்காதீர்கள். வைக்காவிட்டால் நீளமான கட்டளை அடுத்த வரிக்குப் போகாமல் தன் மேலேயே ஏறிக்கொள்ளும். 'டெர்மினல் கெட்டுவிட்டது' என்று எங்களுக்கு அழைப்பு வரும். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா முதல் இயல்பாக இருப்பது இசட்ஷெல் என்ற வேறொரு ஷெல், அங்கே பாஷ் வரிகளை அப்படியே ஒட்டினால் வேலை செய்யாது. தீம் நிறுவ சுடோ (ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) கேட்கும் கட்டளையைப் படிக்காமல் ஒட்டவே ஒட்டாதீர்கள். நிறம் மாற்ற ரூட் அதிகாரம் எதற்கு?

ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்றால், நேரடி சர்வரின் ப்ராம்ப்டைச் சிவப்பாக்குங்கள். அதை அந்த சர்வரிலேயே, நீங்கள் நுழையும் ஒவ்வொரு கணக்கிலும் செய்ய வேண்டும். ரூட்டுக்குத் தனிக் கோப்பு, அதையும் விடாதீர்கள்.