செலோத்தே: தமிழில் என்ன சொல்லலாம்?

பழைய தமிழ் பைபிளில் இயேசுவின் சீடர் ஒருவர், லூக்காவில் 'செலோத்தே என்னப்பட்ட சீமோன்'. மத்தேயுவில் அவரே 'கானானியனாகிய சீமோன்'. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் 'தீவிரவாதி'. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சொல்தான்.

'செலோத்தே' பிறந்தது 'ஸேலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. அதற்கு உள்ளக் கொதிப்பு என்று பொருள். பற்றும் அதுதான், பொறாமையும் அதுதான். எபிரெயத்தில் இதற்கு ஈடான வேர், பத்துக் கட்டளைகளில் 'எரிச்சலுள்ள தேவன்' என்று வரும் இடத்தில் இருக்கிறது. அதன் அரமேய வடிவம் 'கன்அனா'. ஒலி ஒற்றுமையால் அதுவே 'கானானியன்' ஆகிவிட்டது. கானான் நாட்டுக்கும் சீமோனுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, முதல் நூற்றாண்டு யூதரைப் பற்றிக் கதை எழுதும்போது தமிழில் என்ன சொல்வது? பழைய ஏற்பாட்டில் வரும் பினெகாஸ், எலியா கதைகளில் பழைய பைபிள் இதே வேரை 'பக்திவைராக்கியம்' என்று பெயர்த்திருக்கிறது. வடமொழியில் வைராக்கியம் என்றால் பற்றின்மை. நம் பேச்சிலோ எடுத்ததை விடாத பிடிவாதம். 'வைராக்கியக்காரி, செத்தாலும் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள்' என்கிறோமே, அந்தப் பொருள். என் தேர்வு 'வைராக்கியர்'. 'தீவிரவாதி' என்றதும் இன்றைய செய்தித்தாள் வாடை வந்துவிடும். முதல் நூற்றாண்டுக் கதைக்கு அது ஆகாது.

சரித்திரக் கதை எழுதுபவர்கள் ரோமை எதிர்த்த எல்லா யூதரையும் இந்தப் பெயரில் அடைத்துவிடக் கூடாது. கி.பி. 6-இல் ரோம ஆளுநர் குவிரினியு எடுத்த குடிமதிப்பை (மக்கள், சொத்துக் கணக்கெடுப்பை) ஒட்டி வந்த வரியைக் கட்டாதீர்கள், தேவனைத் தவிர வேறு எஜமான் இல்லை என்று கிளம்பியவர் கலிலேயனாகிய யூதாஸ். அவரோடிருந்தவர்களை யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் 'நான்காம் தத்துவம்' என்கிறார். வைராக்கியர் ஒரு கட்சியாகத் தெளிவாகத் தெரிவது 66-இல் ரோமரோடு போர் மூண்ட பிறகு, எருசலேம் கோயிலைப் பிடித்து வைத்திருந்த எலெயாசாரின் குழுவில்தான். அப்படியானால் சீமோனின் பட்டம் கட்சிப் பெயர் என்பதைவிட மனக்குணம் என்று கொள்வதே பொருத்தம்.

'சிகாரி' வேறு கூட்டம். லத்தீனில் 'சிகா' வளைந்த குறுவாள். பேலிக்ஸ் யூதேயாவின் ரோம ஆளுநராக இருந்தபோது இவர்கள் திருவிழாக் கூட்டத்தில் மேலாடைக்குள் அதை மறைத்து வருவார்கள். குத்துவார்கள். ஆள் விழுந்ததும் கூட்டத்தோடு சேர்ந்து 'ஐயோ, அநியாயம்' என்று இவர்களும் கத்துவார்கள். பிரதான ஆசாரியர் யோனத்தானே இப்படித்தான் செத்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் 'நாலாயிரங் கொலைபாதகர்' மூலத்தில் 'சிகாரி'தான். 'குறுவாளர்' என்றால் பொருள் அப்படியே நிற்கும்.

இன்னொரு சொல் 'லேஸ்தேஸ்', கிரேக்கத்தில் கொள்ளைக்காரன். ரோமை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்களை ஜொசிஃபஸ் பெரும்பாலும் இப்படித்தான் திட்டுகிறார். இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான பரபாஸைத் தமிழ் யோவான் 'கள்ளன்' என்பதும் இச்சொல்லைத்தான். மாற்குவோ அவனைக் கலகக்காரரோடு சேர்க்கிறது. ஜொசிஃபஸும் கலிலேயாவில் ரோமரோடு போரிட்டு, 67-இல் சரணடைந்தவர். பின்னாளில் பேரரசர் குடும்பத்தின் ஆதரவில் இருந்து எழுதினார். எனவே உங்கள் கதையில் ரோமப் படைவீரன் 'கள்ளர்' என்று சொல்லட்டும், மலையில் ஒளிந்திருப்பவன் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டாம். மசாடாக் கோட்டையில் கடைசிவரை நின்றவர்களையும் ஜொசிஃபஸ் செலோத்தே என்று சொல்லவில்லை. அவர்கள் வேறொரு எலெயாசாரின், யாயீரின் மகனின், கீழிருந்த குறுவாளர்கள்.