மகரந்தம் இல்லாத மிளகாய்ப் பூ

மிளகாய்ப் பூ சின்னது, தலை கவிழ்ந்து தொங்கும். விரலால் நிமிர்த்திப் பார்த்தால் நடுவில் ஒரு சூல்தண்டு, அதைச் சுற்றி ஐந்தோ ஆறோ மகரந்தப்பைகள். பல வகைகளில் இந்தப் பைகள் ஊதா நிறத்தில் பருத்திருக்கும். பூ விரிந்த கொஞ்ச நேரத்தில் அவை வெடித்து மாவு போன்ற மகரந்தத்தைக் கொட்டும். நகத்தில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

எப்போதாவது ஒரு செடியில் மட்டும் எதுவும் ஒட்டாது. பைகள் சுருங்கி வதங்கிக் கிடக்கும். மற்றபடி அந்தச் செடிக்கு ஒரு குறையும் இல்லை. சூலகம் நன்றாக இருக்கும். வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து வைத்தால் காய் பிடிக்கும், விதையும் முளைக்கும். ஆண் பாகம் மட்டும்தான் வேலை செய்யவில்லை. இதற்குப் பெயர் ஆண் மலடு.

இப்படியொரு செடியைக் கண்டால் பயிர் மேம்பாட்டு ஆய்வாளர்கள் துள்ளிக் குதிப்பார்கள். காரணம் எளிது. ஒரே மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பதால், விட்டுவிட்டால் அது தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும். கலப்பின விதை வேண்டுமென்றால் மொட்டு விரிவதற்கு முந்தைய நாளே இடுக்கியால் பிரித்து, சூல்முடியில் காயம் படாமல் ஒவ்வொரு பையாகக் கிள்ளி எடுக்க வேண்டும். அப்புறம் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஒரு பூவுக்கு ஒரு காய்தான் என்பதால் இந்த வேலையை ஆயிரக்கணக்கான மொட்டுகளில் செய்தாக வேண்டும். தாய்ச் செடிக்கு மகரந்தமே கிடையாது என்றால் முதல் பாதி வேலை அப்படியே மிச்சம்.

சரி, மகரந்தம் ஏன் உருவாகாமல் போகிறது? மகரந்தப்பையின் உள்சுவரில் டபீட்டம் என்று ஓர் அடுக்கு செல்கள் இருக்கின்றன. வளரும் மகரந்தத்துக்குச் சோறூட்டுவது அதுதான். நான்கு நான்காக ஒட்டியிருக்கும் இளம் மகரந்தச் செல்களைச் சுற்றியுள்ள உறையைக் கரைத்து அவற்றைப் பிரித்துவிடுவதும் அதுதான். கடைசியில் சரியான நேரத்தில் டபீட்டம் தானே சிதைந்து, தன்னிடம் மிஞ்சிய பொருளையும் மகரந்தத்தின் வெளிச்சுவருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. முன்கூட்டியே செத்தாலும் கேடு, சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் வீங்கி நின்றாலும் கேடு. மலட்டுச் செடிகளின் மகரந்தப்பையை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு தொடங்கும் இடம் இந்த அடுக்காகத்தான் இருக்கிறது.

இந்த நீண்ட சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு ஒன்றுதான். அதனால்தான் மிளகாயில் ஆண் மலட்டை உண்டாக்கும் நியூக்ளியஸ் மரபணுக்கள் ஒரு டஜனுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. சில தானாகத் தோன்றியவை. பல்கேரியாவில் தஸ்கலோவ், பிரான்சில் பொஷார் போன்றவர்கள் திடீர்மாற்றத்தைத் தூண்டி உண்டாக்கியவையும் உண்டு. பெரும்பாலும் இவை ஒடுங்கு மரபணுக்கள். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான நகல் வந்தால்தான் செடி மலடாகும்; ஒரு நல்ல நகல் இருந்தால் போதும், மகரந்தம் வந்துவிடும்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. மலட்டுச் செடி தன்னைத் தானே பெருக்கிக்கொள்ள முடியாது. ஒரு நல்ல நகலும் ஒரு பழுது நகலும் வைத்திருக்கும் உடன்பிறப்போடு அதைக் கலக்க வேண்டும். பிறக்கும் செடிகளில் பாதி மலடு, பாதி வளமானவை. எது எது என்பது பூ பூக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. விதை உற்பத்தி வயலில் தாய் வரிசைகளில் பாதிச் செடிகளைப் பூக்கும் நேரத்தில் பார்த்துப் பார்த்துப் பிடுங்க வேண்டியிருக்கும். அதில் ஒன்று தப்பினாலும் விதையின் தூய்மை கெடும்.

இரண்டாவது வகை வேறு கதை. 1958இல் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர்சன், இந்தியாவிலிருந்து சேகரிக்கப்பட்டு பிஐ 164835 என்ற எண்ணில் பாதுகாக்கப்பட்ட ஒரு மிளகாயில், தாய்வழியாக மட்டுமே இறங்கும் ஆண் மலட்டைக் கண்டு எழுதினார். தாய் மலடு என்றால், சில தந்தைகளோடு கலக்கும்போது பிள்ளைகள் எல்லாமே மலடு. பாதிக்குப் பாதி என்ற பேச்சே இல்லை. ஏனென்றால் கோளாறு நியூக்ளியஸில் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் இந்த நுண்ணுறுப்புக்குத் தனியாக டிஎன்ஏ உண்டு. மிளகாயில் அது சூல் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது, மகரந்தம் வழியாகப் போவதில்லை.

தாவர மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அடிக்கடி உடைந்து, இடம் மாறி ஒட்டும். அப்படி ஒட்டும்போது ஒரு மரபணுவின் துண்டு, இன்னொன்றின் துண்டு, எங்கிருந்தோ வந்த ஒரு துண்டு எல்லாம் சேர்ந்து புது மரபணுவாகிவிடுவது உண்டு. மலட்டு மிளகாயில் 2007இல் தென் கொரிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். ஓஆர்எஃப் 456 என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணுப் பகுதியின் திருத்திய வடிவம் பின்னர் ஓஆர்எஃப் 507 எனப்பட்டது. அதன் புரதம், ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் நொதியின் ஒரு பகுதியோடு ஒட்டிக்கொள்வதாகத் தெரியவந்தது.

அப்படியானால் இலையும் வேரும் ஏன் தப்பிக்கின்றன? மக்காச்சோளத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: மகரந்தப்பை வளரும் நாட்களில் டபீட்டம் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கை ஏறத்தாழ 40 மடங்கு பெருகுகிறது. அவ்வளவு ஆற்றல் தேவைப்படும் இடத்தில்தான் சிறு கோளாறும் பெரிதாக வெடிக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். இலைக்கு அந்த நெருக்கடி இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கேள்வி இது: இப்படியொரு மரபணு இயற்கையில் எப்படிப் பிழைத்திருக்கிறது? மைட்டோகாண்ட்ரியாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். அதற்கு மகரந்தத்தால் ஒரு பயனும் இல்லை. அதன் வாரிசு முழுக்க விதை வழியாகத்தான். மகரந்தத்துக்குச் செலவாகும் சத்து விதைக்குப் போனால் அதற்கு லாபம். நியூக்ளியஸின் மரபணுக்களோ இரண்டு வழியிலும் பரவுபவை. மகரந்தம் நின்றுபோனால் அவற்றுக்குப் பாதி வழி அடைபடும். ஆகவே ஒரே செல்லுக்குள் இரண்டு மரபுத் தொகுதிகளின் நலன் முரண்படுகிறது. மைட்டோகாண்ட்ரியா மகரந்தத்தை நிறுத்தினால், அதை மறுபடி வரவைக்கும் மரபணு நியூக்ளியஸில் தோன்றிப் பரவுகிறது.

அந்த எதிர் மரபணுவுக்கு வளமீட்பு மரபணு என்று பெயர். பெரும்பாலான பயிர்களில் இது பிபிஆர் என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. மிளகாயிலும் கைகாட்டப்படுவது அந்தக் குடும்பமே. 35 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப அடுக்கியது போன்ற புரதம் இது. ஒவ்வொரு துண்டும் ஆர்என்ஏவின் ஓர் எழுத்தைப் படிக்கும் என்று சொல்லலாம். வேண்டாத ஆர்என்ஏவைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து புரதம் உருவாகாமல் தடுத்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் குற்றவாளி மரபணு அப்படியே இருக்கும். அதன் பேச்சு மட்டும் எடுபடாது.

விதை உற்பத்தி இந்தச் சண்டையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. செல்லில் நியூக்ளியஸுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியாவெல்லாம் இருக்கும் பகுதிக்குச் சைட்டோபிளாசம் என்று பெயர். ஏ லைன் என்பது மலட்டுச் சைட்டோபிளாசம் கொண்ட, வளமீட்பு மரபணு இல்லாத தாய். பி லைன் அதன் இரட்டை போன்றது, ஆனால் சைட்டோபிளாசம் நல்லது. அதன் மகரந்தத்தால் ஏ லைனை வருடா வருடம் நூற்றுக்கு நூறு மலடாகவே பெருக்கலாம். ஆர் லைன் வளமீட்பு மரபணு கொண்ட தந்தை. ஏவையும் ஆரையும் கலந்தால் வரும் கலப்பினச் செடியில் மகரந்தம் திரும்பிவிடும். திரும்பியே ஆக வேண்டும். வெங்காயம் என்றால் கலப்பினம் மலடாக இருந்தாலும் கவலையில்லை, நாம் பறிப்பது கிழங்கை. மிளகாயில் நாம் பறிப்பது காயை. மகரந்தம் இல்லாவிட்டால் பூ உதிரும். மிஞ்சினால் விதையில்லாத குட்டைக் காய்தான் வரும்.

காரமான மிளகாய்களில் வளமீட்பு மரபணு தாராளமாகக் கிடைக்கிறது. குடைமிளகாய்களில் அது அரிது. போதாக்குறைக்கு இந்த ஏற்பாடு வெப்பநிலையையும் பொறுத்தது: சில ஏ லைன்களில் குளிரில் மலட்டுச் செடி கொஞ்சம் மகரந்தம் காட்டிவிடும். குடைமிளகாயில் இன்னும் நியூக்ளியஸ் வகை மலட்டையும் இடுக்கியையும் நம்ப வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே சைட்டோபிளாசத்தை எல்லோரும் பயன்படுத்துவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் இதன் விலை தெரிந்தது. டெக்சாஸ் சைட்டோபிளாசம் என்ற ஒரே மலட்டு மூலத்தையே பெரும்பாலான கலப்பினங்கள் வைத்திருந்தன. மலட்டை உண்டாக்கிய அதே புரதம் ஓர் இலைக்கருகல் பூஞ்சையின் நஞ்சுக்கும் கதவைத் திறந்துவிட்டது. விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் போனது. விதை வயல்களில் மறுபடி ஆட்கள் இறங்கி, கையால் ஆண் பூங்கொத்துகளை ஒடித்தார்கள்.

மிளகாயில் வேறு மூலங்களைத் தேட ஒரு வழி, அதன் நெருங்கிய உறவு இனங்களைத் தாயாக வைத்துக் கலப்பது. பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சாகுபடி மிளகாயோடு கலந்துகொண்டே போனால், தாயினத்தின் சைட்டோபிளாசத்தில் சாகுபடி மிளகாயின் நியூக்ளியஸ் வந்து உட்காரும். அப்போது சில சமயம் ஆண் மலடு தலைகாட்டுகிறது. தாயினத்தில் அது மலடாகத் தெரிந்ததே இல்லை. அங்கே அதை அடக்கி வைக்கும் மரபணு சொந்த நியூக்ளியஸிலேயே இருந்தது.