சுருதியும் ஒரு கோப்புதான்

கணினியில் ஒரு சிந்தசைசரை, அதாவது ஒலியைச் செயற்கையாக உருவாக்கும் மென்பொருளை, திறந்தால் திரை முழுக்கக் குமிழ்கள். மவுஸால் திருகுவது எளிது. நீங்கள் எழுதிய நாலு வரி நிரல் அதே குமிழைத் திருக வேண்டும் என்றால்தான் தலைவலி: அந்த மென்பொருளுக்கென்று இருக்கும் தனி நிரல் நூலகத்தைப் படிக்க வேண்டும், அதற்கேற்ற மொழியில் எழுத வேண்டும். குமிழ் ஒவ்வொன்றும் ஒரு கோப்பாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இந்த யோசனை நன்றாக ஊறிய இடம் அமெரிக்காவின் பெல் ஆய்வகம். ராப் பைக், கென் தாம்சன் முதலானோர் அங்கே உருவாக்கிய பிளான் 9 இயங்குதளத்தில் சவுண்ட் கார்டே ஒரு கோப்பு. அதில் எழுதும் பைட்டுகள் ஸ்பீக்கரில் ஒலியாகும்: வினாடிக்கு 44,100 சாம்பிள் (அலையின் உயரத்தை அளந்த எண்), இடம் வலம் இரண்டுக்கும் தலா 16 பிட், ஆக 1,76,400 பைட். ஒலியளவுக்கு இன்னொரு கோப்பு. அதில் சாதாரண எழுத்தில் எண்ணை எழுதினால் போதும்.

இவை வட்டில் கிடக்கும் கோப்புகள் அல்ல. 'திற', 'படி', 'எழுது' என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு நிரல் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கேட்பவருக்கும் அந்த நிரலுக்கும் நடுவே பேச்சுவார்த்தை 9பி என்ற நெறிமுறையில் நடக்கும். லினக்ஸில் இதே வேலைக்கு ஃபியூஸ் என்ற வசதி இருக்கிறது. 2005 முதல் இயங்குதளத்தின் மையமான கர்னலோடு சேர்ந்தே வருகிறது.

சரி, ஒரு சிந்தசைசரை இப்படிக் கட்டுவோம். 'சிந்த்' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே சுருதி, அளவு, வடிகட்டி, வெளியீடு என நான்கு கோப்புகள். பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். உலக மொழிகளின் எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையே 1992-இல் பிளான் 9-க்காகப் பிறந்ததுதான்.

சுருதி கோப்பில் 440 என்று, அதாவது வினாடிக்கு 440 அதிர்வு என்று, எழுதுகிறோம். சிந்தசைசருக்குப் போவது 4, 4, 0 என்ற மூன்று எழுத்துகள். அது அவற்றை எண்ணாக மாற்றுகிறது. அதன் நினைவகத்தில் ஒரு முழு அலை 1,024 புள்ளிகளாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 440-ஐ 44,100-ஆல் வகுத்து 1,024-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10.2. இனி ஒவ்வொரு சாம்பிளுக்கும் அட்டவணையில் 10.2 புள்ளி தாண்டித் தாண்டிப் படிக்கும். 880 என்று எழுதினால் தாண்டல் இரட்டிப்பாகும், சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். இசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மிடி நெறிமுறையில் ஒரு குமிழின் மதிப்பு பொதுவாக 0 முதல் 127 வரைதான், இங்கே 440.37 என்றும் எழுதலாம், கமகம் பிடிப்பவர்களுக்கு வசதி.

அளவு கோப்பில் ஒரு சிக்கல். 0.8 இருந்த இடத்தில் சட்டென்று 0 எழுதினால் அலை நடுவில் அறுந்து 'டிக்' என்று கேட்கும். அதனால் நல்ல சிந்தசைசர் எழுதிய மதிப்புக்கு உடனே தாவாது, சில மில்லிவினாடிகளில் வழுக்கிப் போய்ச் சேரும்.

பெரிய சிக்கல் நேரம். ஒலி தொகுதி தொகுதியாகத் தயாராகிறது; 256 சாம்பிள் கொண்ட தொகுதி என்றால் 5.8 மில்லிவினாடி. நடுவில் எழுதிய மதிப்பு அடுத்த தொகுதிவரை காத்திருக்க வேண்டும். மூன்று சுரங்களை மூன்று கோப்புகளில் எழுதினால், ஒன்று முந்தி ஒன்று பிந்தி ஒலிக்கலாம். கோப்புக்கு 'எப்போது' என்று சொல்லத் தெரியாது, என் கணக்கில் இந்த முறையின் உண்மையான பலவீனம் இதுதான். 'கட்டளை' என்று ஒரு கோப்பு வைத்து, மூன்று சுரங்களையும் தொடங்கும் நேரத்தையும் ஒரே வரியில் எழுதச் சொல்வதே வழி.

ஆனால் கிடைப்பது அதிகம். ஃபோல்டரை நகலெடுத்தால் அமைப்புகள் எல்லாம் சேமிப்பாகிவிடும். பிளான் 9-இல் அடுத்த அறைக் கணினியின் ஃபோல்டரை இங்கே இணைத்தால் அந்தச் சிந்தசைசர் இங்கிருந்தே திருகப்படும். கூடுதலாக ஒரு வரி நிரல் வேண்டாம்.

வெளியீடு கோப்புதான் எனக்குப் பிடித்தது. அதைச் சவுண்ட் கார்டு கோப்புக்கு நகலெடுத்தால் பாட்டு கேட்கும்: ஒலிக்கக் காத்திருக்கும் பைட்டுகளின் இடமான பஃபர் நிரம்பியதும் எழுதுபவரைச் சவுண்ட் கார்டு காக்க வைக்கும், அதனால் வேகம் தானாகச் சரியாகும். அதே கட்டளையால் வட்டுக்கு நகலெடுத்தால் காக்க வைக்க ஆளில்லை. ஒரு நிமிட ஒலி, அதாவது ஒரு கோடி பைட்டுக்கு மேல், பிராசசர் கணக்குப் போடும் வேகத்தில் வந்து விழும். அப்புறம் ஒன்று: இந்தக் கோப்புக்கு முடிவே கிடையாது. அமைப்புகளைச் சேமிக்கப் போய் இதையும் சேர்த்து நகலெடுத்தால் வட்டு நிரம்பும்வரை ஓடும். வெளியீட்டைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.