சாவியைத் திருப்பும் முன் கையால் இரண்டு சுற்று

போன மாதம் எங்கள் சுங்கை சிப்புட் பட்டறைக்கு ஒரு சாகா பிஎல்எம் காரை இழுவை லாரியில் ஏற்றி வந்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணனுடைய கார். எஞ்சின் சூடேறி, எஞ்சின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு (ஹெட் காஸ்கெட்) போனதால் வேறொரு பட்டறையில் ஓவர்ஹால் செய்திருக்கிறார்கள். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி (ஸ்கிம்மிங்), டைமிங் பெல்ட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரே சத்தம். அதன்பிறகு ஸ்டார்ட்டர் மட்டும் லேசாக, வேகமாகச் சுற்றியது. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கிவிடும். உள்ளே காற்றை அழுத்தும் கம்ப்ரெஷன் இல்லாத எஞ்சின்தான் அப்படிச் சுற்றும்.

ஹெட்டைத் திறந்தேன். பிஸ்டன் தலையில் நகம் பதிந்தது போலப் பிறை வடிவத் தழும்பு. காற்றையும் புகையையும் விடும் வால்வு ஒன்றைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினேன். வளைந்திருந்ததால் நொண்டி நொண்டி உருண்டது. பெல்ட், அதை இறுக்கும் டென்ஷனர், காஸ்கெட் எல்லாமே நல்ல சாமான்தான். பெல்ட் மாட்டும்போது நேராக வைக்க வேண்டிய டைமிங் குறிதான் பல பல் தள்ளி இருந்தது.

பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றுவது கிராங்க்ஷாஃப்ட், வால்வுகளைத் திறப்பது கேம்ஷாஃப்ட். இரண்டையும் இணைப்பதுதான் டைமிங் பெல்ட். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு வழிவிட்டு மூடியிருக்க வேண்டும். இந்த சாகாவில் உள்ள கேம்ப்ரோ மாதிரி எஞ்சின்களில் இரண்டும் ஒரே இடத்தைத்தான் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. அந்த முறை தவறினால் மோதல்தான்.

ஒரே ஒரு பல் தப்பினால் பல எஞ்சின்கள் ஓடத்தான் செய்யும். எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். கிராங்க் பல்சக்கரத்தில் 24 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது 15 டிகிரி. கார் ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கில் நடுங்கும், மெனோரா சுரங்கப்பாதை மேட்டில் இழுக்காது, பெட்ரோல் அதிகம் குடிக்கும். பாவம், கார்க்காரர்கள் பிளக் மாற்றுவார்கள், காயில் மாற்றுவார்கள். ஸ்கேனரில் பி0016 என்ற பிழை எண் வந்தால் கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சென்சாரை மாற்றும் முன் டைமிங் மூடியைத் திறந்து பாருங்கள்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஹெட்டை உட்கார வைக்கும் முன், முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையிலிருந்து கிராங்க்கைக் கால் சுற்று திருப்பிவிடுவேன். நான்கு பிஸ்டன்களும் பாதியில் நிற்கும். அந்த நிலையில் கேமை எப்படித் திருப்பினாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. கேம் குறியைச் சரிசெய்த பிறகு, கிராங்க்கை அதே வழியாகத் திரும்ப உச்சிக்குக் கொண்டுவருவேன். பெல்ட்டைக் கிராங்கிலிருந்து தொடங்கி, இழுக்கும் பக்கம் விறைப்பாக இருக்கும்படி மாட்டி, தொய்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் விடவேண்டும்.

வெளியே தெரியும் கிராங்க் புல்லியின் குறியை மட்டும் நம்பாதீர்கள். பல புல்லிகளில் உள் இரும்புக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கும். பழசானால் வெளி வளையம் நழுவும், குறியும் கூடவே நழுவும். உள்ளே பல்சக்கரத்தில் இருக்கும் குறிதான் உண்மை. ஹெட்டை ஸ்கிம்மிங் செய்தால் கேம் கொஞ்சம் கீழே இறங்கும். டைமிங் சற்றே பின்தங்கும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியும் குறையும். எவ்வளவு சீவினார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாம் மாட்டியாகிவிட்டது. இப்போது சாவியைத் தொடவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து, எஞ்சின் சுற்றும் திசையில் மெதுவாக இரண்டு முழுச் சுற்று. பெரும்பாலும் கடிகார முள் திசைதான். பழைய ஹோண்டா சிவிக் சிலவற்றில் எதிர்த்திசை. நடுவில் கெட்டியாக இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் கொடுக்காதீர்கள். கையால் இடிக்கும்போது ஒன்றும் கெடாது. ஸ்டார்ட்டர் இடித்தால் வால்வு வளையும். சுற்றி முடித்ததும் குறிகள் எல்லாம் மறுபடி நேருக்கு நேர் வரவேண்டும்.

மைவி காரில் உள்ளது மாதிரி, பெல்ட்டுக்குப் பதில் செயின் போட்ட எஞ்சின்களில் ஒரு விஷயம். செயினில் உள்ள நிறக் கண்ணிகள் மாட்டும்போது மட்டுமே குறிகளோடு பொருந்தும். இரண்டு சுற்றுக்குப் பிறகு அவை வேறு எங்கோ போயிருக்கும். பல்சக்கரத்தின் குறிகள் சரியாக வந்தால் போதும். இதைத் தெரியாமல் பதறி, சரியாக இருந்த செயினைக் கழற்றி மாற்றிப் போட்ட தம்பிகளைப் பார்த்திருக்கிறேன்.

கார் வைத்திருப்பவர்கள் பட்டறை ஃபோர்மனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கையால சுத்திப் பார்த்தீங்களா?" மூடி போடும் முன் குறிகளைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல ஃபோர்மன் கோபப்படமாட்டார். தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான். அது நின்றால் ஈப்போ மருத்துவமனைக்குப் போகும் தேதியும் தள்ளிப்போகிறது.

அந்த அண்ணனின் காருக்கு வால்வுகளை மாற்றி முடித்த அன்று, ஸ்பேனரை அவர் கையிலேயே கொடுத்தேன். மெதுவாகச் சுற்றினார். "தம்பி, எங்கயுமே இடிக்கலயே," என்றார். இரண்டாவது சுற்று முடிந்ததும் குனிந்து குறிகளைப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் பிளக்குகளை மாட்டினேன்.