கொட்டாங்குச்சிக்குள் இருந்து பார்க்கும் மீன்

மீன் தொட்டிக்குள் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தால், காசு கொடுத்து வாங்கிய மீன் அதற்குள்ளேயே அடைந்து கிடக்காதா, பார்த்து ரசிக்கத்தானே வளர்க்கிறோம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான ஐயம்தான். ஆனால் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. ஒதுங்க இடமுள்ள தொட்டியில்தான் மீன்கள் துணிந்து வெளியே உலவுகின்றன. வெறும் தொட்டியிலோ மூலையில் ஒடுங்கியும், கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக அலைந்தும் பொழுதைக் கழிக்கின்றன.

அச்சத்தின்போது மீனின் உடலிலும் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. அது தணியாமல் நீடித்தால் நோய் எதிர்ப்புத் திறன் குறைந்து வெள்ளைப்புள்ளி நோய் போன்றவை எளிதில் தொற்றுகின்றன. மீன் செத்தால் வீட்டுக்கு வந்த திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது என்று சொல்லி, அடுத்த மீனை வாங்கி விடுவோர் உண்டு. நாள் முழுவதும் விளக்கின் கீழ், மீன் கழிவால் அம்மோனியா ஏறிய நீரில், ஒதுங்க வழியின்றிக் கிடந்த மீனின் சாவுக்கு அயலார் கண்ணைப் பழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு சிறு கூரை எப்படி அச்சத்தைப் போக்குகிறது என்பதுதான் சுவையான பகுதி. நாம் வளர்க்கும் வண்ண மீன்களுக்கு மூடித் திறக்கும் இமைகள் இல்லை. பெரும்பாலான எலும்பு மீன்களின் கண்மணி, நம்முடையதைப்போல் வெளிச்சத்துக்கேற்பச் சுருங்கி விரிவதுமில்லை. மாறாக, விழித்திரையில் உள்ள நிறமித் துகள்களும் ஒளியுணர் செல்களும் மெல்ல இடம் நகர்ந்து கண்ணை வெளிச்சத்துக்குப் பழக்குகின்றன. அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். இருட்டறையில் சட்டென்று தொட்டி விளக்கைப் போட்டதும் மீன்கள் மிரண்டு பாய்வதில் வியப்பில்லை.

இத்துடன் நீரின் இயல்பும் சேர்கிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் மேலிருந்து விழும் ஒளியைச் சிதறடித்து, கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே ஒரு மங்கலை உண்டாக்குகின்றன. வெளிச்சத்தில் நிற்கும் மீனுக்கு அந்த மங்கல் கண்ணெதிரிலேயே தொடங்கிவிடும். நிழலில் நிற்கும் மீனின் கண்ணருகே சிதறுவதற்கு ஒளியே குறைவு. கண்ணும் மங்கிய ஒளிக்குப் பழகியிருக்கும். எனவே வெளியே வருவது அதற்குத் துலக்கமாகத் தெரியும். வருகிற எதிரிக்கோ அந்த மீன் எளிதில் தென்படாது. நண்பகலில் இருண்ட கூடத்தில் அமர்ந்தபடி தெருவைப் பார்ப்பவருக்கு வாய்க்கும் அதே வசதி இது. நிழலில் நிற்பதால் மீனுக்குக் கிடைக்கும் இந்த ஆதாயத்தை 1981இல் ஜீன் ஹெல்ஃப்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆராய்ந்து எழுதினார். மீன் ஏன் நிழலில் நிற்கிறது என்று ஆராய நம் ஊரில் நிதி கேட்டால், இதனால் என்ன பயன் என்பார்கள். கொட்டாங்குச்சியை எப்படி வைப்பது என்பதற்கே அது பயன்படுகிறது.

அதாவது, சுவர்களைவிடக் கூரைதான் முக்கியம். கொட்டாங்குச்சியின் நுழைவாயில் வெளிச்சமான திறந்தவெளியைப் பார்த்திருக்க வேண்டும். நீர் உள்ளே தேங்காதிருக்கவும், துரத்தப்படும் மீன் தப்பிக்கவும் எதிர்ப்புறம் இன்னொரு வழி வேண்டும். கொட்டாங்குச்சியின் நாரைச் சுரண்டி, வாயிலின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பழுப்புச் சாயம் இறங்குவது குறையும்வரை நீரை மாற்றி மாற்றிக் கொதிக்க வையுங்கள். மிஞ்சும் இளஞ்சாயம் டானின் என்ற பொருள். ஃபைட்டர், டெட்ரா போன்ற மீன்களை அது வருத்தாது. கொட்டாங்குச்சிக்குப் பதில் மண் பூந்தொட்டி என்றால் வண்ணமோ மெருகோ பூசாததே நல்லது. அதன் நுண்துளைகளில் அம்மோனியாவைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறும். ஒதுங்கிடமாக வைக்கும் கல்லின்மீது வினிகர் விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அது நீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும்.

பூந்தொட்டியின் அடித்துளையையும் கவனியுங்கள். அதில் நுழையப் பார்க்கும் மீன் பாதி உடலோடு சிக்கிக்கொள்வதுண்டு. ஆகவே துளையைக் கூழாங்கல்லால் இறுக அடைத்துவிடுங்கள், அல்லது உங்கள் தொட்டியின் பெரிய மீனும் தடையின்றிப் போய்வரும் அளவுக்கு அகலமாக்குங்கள்.