இது கெட்டால் வண்டி ஓடுமா? டூரிங் பைக் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு மெக்கானிக் சொல்வது

சில மாதங்களுக்கு முன் ஒருவர் நெடுந்தூரப் பயணத்துக்கான தன் பெரிய டூரிங் பைக்கை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். இரவு முழுக்க மலைச்சாலை ஓரத்தில் மழையில் உட்கார்ந்திருந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. “நியூட்ரல்ல நல்லாத்தான் ஓடுதுண்ணே. கியர் போட்டா உடனே அணைஞ்சிடுது. ஸ்க்ரீன்ல ஒரு எரர்கூட காட்டல” என்றார்.

நியூட்ரலில் ஓடும் எஞ்சின் கியர் விழுந்ததும் அணைகிறது என்றால், முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் சைடு ஸ்டாண்டின் மூட்டு. அங்கே கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஸ்டாண்டை மடக்காமலே கிளம்பி, முதல் வளைவில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. அந்த வண்டியில் சுவிட்சைச் சுற்றிச் சேறு காய்ந்து இறுகிக் கிடந்தது. ஸ்டாண்ட் மடங்கியிருந்தும், இன்னும் கீழேதான் இருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் ஓர் இரவைத் தொலைத்திருந்தார்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. டூரிங் பைக் வாங்க யோசிப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இவ்வளவு எலக்ட்ரானிக்ஸ் இருக்கிற வண்டியை நம்பித் தூரமாகப் போகலாமா, இல்லை சிம்பிளான வண்டியே போதுமா?” அந்த இரவு வண்டியை நிறுத்தியது பெரிய ஸ்க்ரீனும் இல்லை, ரேடாரும் இல்லை. மிகச் சாதாரணமான வண்டியிலும் இருக்கிற ஒரு சின்ன சுவிட்ச். அதனால் வசதிகள் அதிகமா குறைவா என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொரு வசதியையும் தனியாக எடுத்து, “இது கெட்டால் வண்டி ஓடுமா?” என்று கேளுங்கள்.

எஞ்சின் ஓடுவதற்கான பாதையில் குறுக்கே நிற்கும் பொருள்கள் சில உண்டு. அவை கெட்டால் வண்டி நிற்கும். பாதைக்குப் பக்கத்தில் நிற்பவையும் உண்டு. அவை கெட்டால் ஒரு விளக்கு எரியும், ஒரு சுகம் குறையும், ஆனால் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். கைப்பிடிச் சூடு, கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குவிக் ஷிஃப்டர், டயர் காற்றழுத்த சென்சார் எல்லாம் பக்கத்தில் நிற்பவை. இவற்றைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், பிடித்தால் வாங்குங்கள்.

குறுக்கே நிற்பதில் எனக்கு மிகவும் கவலை தருவது சாவியில்லாத ஸ்டார்ட். பாக்கெட்டில் ரிமோட்டை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் போதும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் பெட்ரோல் பங்கில் ஜாக்கெட்டைக் கழற்றி, கூட வந்த நண்பரின் காரில் போட்டுவிட்டார். ரிமோட் அந்த ஜாக்கெட்டில் இருந்தது. எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் வண்டி நிற்கவில்லை. பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், ஓடும் வண்டியை நடுச்சாலையில் அணைக்கக் கூடாது அல்லவா? ஸ்க்ரீனில் வந்த எச்சரிக்கையை அவர் வெயிலில் கவனிக்கவில்லை. எண்பது கிலோமீட்டர் தாண்டி டீ குடிக்க நிறுத்தி எஞ்சினை அணைத்தார். அதோடு சரி. நண்பரின் கார் வேறு சாலையில் போய்விட்டிருந்தது.

ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துபோவதும் உண்டு. பல வண்டிகளில் அதற்கு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். ரிமோட்டை வண்டியின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒட்டிப் பிடித்தால் பேட்டரி இல்லாமலே உள்ளே இருக்கும் சிப்பை வண்டி படித்துக்கொள்ளும். சில வண்டிகளில் ரகசிய எண்ணைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். அந்த இடம் எது, அந்த எண் என்ன என்று உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டறைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. ஒரே மாடல் சாவியோடும் சாவியில்லாமலும் கிடைத்தால் நான் சாவியைத்தான் வாங்கச் சொல்வேன்.

சிம்பிளான வண்டிதான் வேண்டும் என்று சொல்லி ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய வண்டியைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை. மோட்டார் சைக்கிளில் ஏ.பி.எஸ். வந்தது 1988இல், பி.எம்.டபிள்யூ கே100 வரிசையில். இது புதுப் பொம்மை இல்லை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேறி வந்த தொழில்நுட்பம். சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். சக்கரம் சட்டென்று நிற்கப் போகிறது என்று தெரிந்தால் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கும். சுமையேற்றிய வண்டி, ஈரமான சாலை, எட்டு மணி நேரம் ஓட்டிச் சலித்த கை, எதிரே திடீரென்று ஓடி வரும் நாய். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் அந்த நொடியில் எந்தத் திறமையும் கைகொடுக்காது. 2013இல் வந்த கேடிஎம் 1190 அட்வென்ச்சர் மூலம், வளைவில் சாய்ந்திருக்கும்போதும் அந்தச் சாய்வைக் கணக்கிட்டுப் பிரேக்கை அளந்து கொடுக்கும் முறை வந்தது. டூரிங்குக்கு அது கிடைத்தால் மிகவும் நல்லது.

அந்தக் கேள்வியை இங்கேயும் கேளுங்கள். இன்றைய வண்டிகளில் ஏ.பி.எஸ். கெட்டால், விளக்கு எரியும், பிரேக் சாதாரண பிரேக்காக வேலை செய்யும். ஆனால் எல்லாக் காலத்திலும் அப்படி இருக்கவில்லை. 2000களின் முதல் பாதியில் வந்த சில பி.எம்.டபிள்யூ வண்டிகளில் ஏ.பி.எஸ்.ஸோடு மின்மோட்டாரால் இயங்கும் பிரேக் உதவியும் சேர்ந்திருந்தது. அது நின்றுபோனால் பிரேக் இருக்கும், ஆனால் லீவரைப் பலம்கொண்ட மட்டும் அழுத்த வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இக்னிஷனை அணைத்துவிட்டு வண்டியை மெல்ல உருட்டி, பிரேக் பிடித்துப் பார்ப்பது இதனால்தான்.

அடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர். “கார்புரேட்டர் வண்டியை ரோட்டோரத்திலேயே கழற்றிச் சரிசெய்துவிடலாம்” என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கழற்ற வேண்டிய நிலை அதற்குத்தான் அடிக்கடி வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில மாதங்கள் ஓட்டாமல் வைத்தாலே ஜெட் என்கிற அதன் நுண்துளையில் பெட்ரோல் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். 4000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். காற்று குறைந்தது கார்புரேட்டருக்குத் தெரியாது, பெட்ரோலை வழக்கம்போல ஊற்றும். வண்டி கறுப்புப் புகை விட்டுத் திணறும். கார்புரேட்டருக்குப் பதிலாக இன்றைய வண்டிகளில் இருக்கும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பதிலுக்கு அது கேட்பது நல்ல பேட்டரியை மட்டும்தான். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் இன்ஜெக்ஷன் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது வீண் வேலை, பெட்ரோல் பம்ப் ஓடவே மின்சாரம் வேண்டும்.

இந்தப் பேட்டரி விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். “எல்லா விளக்கும் ஒரே நேரத்துல எரியுதுண்ணே, கம்ப்யூட்டரே போயிடுச்சு போல” என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் கை வைப்பது பேட்டரி முனைகளில். பல தடவை நெகட்டிவ் முனையின் போல்ட் விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் விழுந்தால் ஒவ்வொரு கண்ட்ரோல் பெட்டியும் தன் பங்குக்கு ஓர் எச்சரிக்கை விளக்கைப் போடும். அணைத்து வைத்த வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட். இதைப் பார்க்க ஒரு சின்ன மீட்டர் போதும். ஆகவே வண்டி வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பேட்டரி எங்கே இருக்கிறது? சீட்டுக்கு அடியிலா, இல்லை டேங்கையே தூக்க வேண்டுமா? நான் பார்த்த ஒரு மாடலில் பேட்டரி முனையைத் தொடுவதற்கு முன் பதினொரு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டியிருந்தது. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

த்ராட்டிலை (ஆக்சிலேட்டரை) முறுக்கிப் பிடிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் க்ரூஸ் கண்ட்ரோலைச் சோம்பேறிகளின் வசதி என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். நீண்ட நேர்சாலையில் ஆறு மணி நேரம் த்ராட்டிலைப் பிடித்த மணிக்கட்டு மரத்துப்போய், அவசரத்தில் பிரேக் லீவரைத் தேடும் கை தாமதிப்பதை உணர்ந்த பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். இழுக்கும் கேபிள் இல்லாமல் சென்சார் மூலம் இயங்கும் த்ராட்டில் உள்ள வண்டியில் க்ரூஸ் கண்ட்ரோல் என்பது பெரும்பாலும் ஒரு சுவிட்சும் மென்பொருளும்தான். கெட்டாலும் வண்டி ஓடும். மழையிலும் தூக்கம் வரும் நேரத்திலும் அதைத் தொடாதீர்கள், அவ்வளவுதான். ரேடார் வைத்து முன்னே போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை 2020இன் இறுதியில் டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 மூலம் வந்தது. நல்ல வேலைப்பாடுதான். ஆனால் ரேடார் இருப்பது வண்டியின் மூக்கில். விழுந்தால் முதலில் அடிபடும் இடம் அது, மாற்றினால் கருவி வைத்துச் சீரமைக்கவும் வேண்டும். எனக்கு அது அவசியமாகப் படவில்லை.

ஸ்க்ரீன் விஷயத்தில் கெட்டால் என்ன ஆகும் என்பதைவிட, நன்றாக இருக்கும்போது என்ன செய்கிறது என்பதுதான் பிரச்சினை. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. கைப்பிடிச் சூட்டைக் கூட்ட மெனுவுக்குள் போய் இரண்டு நொடி தேடினால் 56 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஷோரூமுக்குப் போகும்போது உங்கள் கையுறையை எடுத்துப் போங்கள். அதைப் போட்டுக்கொண்டு, கீழே பார்க்காமல், அடிக்கடி தேவைப்படும் மூன்று வேலைகளைச் செய்து பாருங்கள். தனிப் பட்டன் இருக்கும் வண்டி எப்போதும் மேல். வழிகாட்டுவதற்குப் போனை மட்டும் நம்பும் வண்டி என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு தன் போன்களின் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் மவுண்ட் இல்லாமல் போனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள்.

டியூப்லெஸ் டயரில் புதுமையும் எளிமையும் ஒன்றாகவே வருகின்றன. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமல் ஒரு ரப்பர்த் திரியைச் செருகிக் காற்றடித்துக் கிளம்பலாம். டியூப் டயர் என்றால், சுமையெல்லாம் இறக்கி, சக்கரத்தைக் கழற்றி, இரும்புப் பட்டையால் டயரை நெம்ப வேண்டும். கம்பிச் சக்கரம் அழகாக இருக்கிறதே என்று வாங்குமுன் அது டியூப்லெஸ் வகையா என்று கேளுங்கள். பின்சக்கரத்தைச் சுற்றுவது செயினா, ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. செயினுக்கு 500 முதல் 1000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போடப் பொறுமை இருந்தால் செயின், இல்லாவிட்டால் ஷாஃப்ட். செயின் அறுந்தால் இணைப்புத் துண்டு வைத்துச் சமாளிக்கலாம், ஷாஃப்ட் போனால் லாரிதான்.

எடையைப் பற்றி யாரும் போதிய அளவு யோசிப்பதில்லை. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு மோட்டார், ஓர் ஒயர், ஒரு தாங்கி. எல்லாம் சேர்ந்து வண்டி கனமாகிறது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதில்தான் நீங்கள், பின்னால் உட்காருபவர், பெட்டிகள், பெட்டிக்குள் இருப்பவை எல்லாம் அடங்க வேண்டும். இருவராகப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் அதிர்ச்சியடைவார்கள். ஷோரூமில் வண்டியில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இறங்கி, லேசான சரிவில் பின்னால் தள்ளிப் பாருங்கள். அங்கே மூச்சு வாங்கினால், சரளைக்கல் வழியில் தனியாக இருக்கும்போது என்ன செய்வீர்கள்?

உரிமையாளர் கையேடு பல நிறுவனங்களின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் அதை இறக்கிப் படியுங்கள். ஃபியூஸ் பெட்டி எங்கே, வண்டியோடு வரும் கருவிகளால் பின்சக்கரத்தைக் கழற்ற முடியுமா, சர்வீஸ் எச்சரிக்கையை நீங்களே அணைக்கலாமா இல்லை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வேண்டுமா என்பதெல்லாம் அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரிமோட் இருந்தால் அதன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஃபியூஸ் ஒன்றைக் கழற்றி மாட்டுங்கள். பேட்டரி முனைகளை இறுக்குங்கள். அப்படியே குனிந்து சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கருவிப் பையில் ஒரு பழைய பிரஷையும் போட்டு வையுங்கள்.