அடங்கியது ரத்தக்கசிவு மட்டுமே

சென்ற மாதம் சக்கர நாற்காலியில் அழைத்துவரப்பட்ட இளைஞருக்கு, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டில், கேவர்னோமா என்ற ரத்தநாளக் கொத்திலிருந்து அது மூன்றாவது ரத்தக்கசிவு. முதல் முறை இரட்டைப் பார்வையும், அடுத்த முறை முகத்தில் மரமரப்பும் நடையில் தள்ளாட்டமும் வந்து, இருமுறையும் சில வாரங்களில் தணிந்துவிட்டதால், எம்.ஆர்.ஐ. படங்களைப் பீரோவில் வைத்துவிட்டார்கள். “தானாகவே குணமாயிடுச்சே, டாக்டர்” என்றார் அவருடைய தாயார். இந்தச் சொற்களைக் கேட்டுக் கேட்டு ஆற்றாமல்தான் இதை எழுதுகிறேன்.

குணமாகவில்லை, அம்மா. கேவர்னோமா என்பது மெல்லிய சுவருடைய ரத்த அறைகளின் கொத்து, புற்றுநோய் அன்று. அது கசியும்போது தேங்கும் ரத்தம் பக்கத்து நரம்பிழைகளை அழுத்துகிறது. உடல் அந்த ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டதும் அறிகுறி தணிகிறது. கரைந்தது ரத்தக்கட்டு; கசிந்த கொத்து அதே இடத்தில் இருக்கிறது. 1,620 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வின்படி, மூளைத்தண்டில் ஒருமுறை கசிந்த கேவர்னோமா ஐந்தாண்டுகளுக்குள் மறுபடி கசியும் வாய்ப்பு ஏறத்தாழ 31 சதவீதம். கசிவின்றித் தற்செயலாகத் தென்பட்டதற்கோ 8 சதவீதம். ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் நன்றாக இருக்கிறதே என்றும் ஆறுதல் கொள்ளாதீர்கள். இதற்குள் ரத்தம் மிக மெதுவாக ஓடுவதால் அதில் பெரும்பாலும் தெரியாது.

அதே வேளையில், கசியாத கேவர்னோமாவை உடனே எடுத்துவிடச் சொல்லி வற்புறுத்துவோருக்கும் நான் மறுப்பே சொல்கிறேன். விழுங்குதல், மூச்சு, கண்ணசைவு ஆகிய அனைத்துக்குமான நரம்புத் தொகுதிகள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கியிருக்கும் இடம் அது. இரண்டாம் முறை கசிந்து, கொத்து மூளைத்தண்டின் மேற்பரப்பையோ அதன் பின்புறமுள்ள நீர் அறையான நான்காம் வென்ட்ரிக்கிளின் தளத்தையோ எட்டியிருந்தால், நல்ல திசுவை அதிகம் கிழிக்காமல் உள்ளே செல்ல வழி கிடைக்கிறது. மிச்சம் வைத்தால் மீண்டும் கசியக்கூடும் என்பதால் கொத்தை முழுமையாக எடுக்க வேண்டும். ஆனால் அருகில் ஓடும் பிறவிச் சிரையைத் தொடக்கூடாது, அது நல்ல திசுவின் வடிகால். அறுவைக்குப் பின் சில வாரங்கள் குறைபாடு கூடுவதுண்டு. பலருக்கு மெல்லத் தேறும், சிலருக்கு நிலைத்துவிடும். இதை மறைத்துக் கையெழுத்து வாங்கலாகாது.

கசிவுக்குப் பின் ரத்தக்கட்டு இளகியிருக்கும் முதல் சில வாரங்களே பெரும்பாலும் அறுவைக்கு ஏற்ற காலம். ஆகவே அறிகுறி தணியும்வரை காத்திராமல், அது தொடங்கிய அந்த வாரமே நரம்பியல் அறுவை மருத்துவரைப் பாருங்கள். பழைய படங்கள் அனைத்தையும் சீடியோடு கொண்டுவாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. குடும்பத்தில் வேறு எவருக்கேனும் வலிப்போ மூளை ரத்தக்கசிவோ வந்திருந்தால், கேட்காவிட்டாலும் தயவுசெய்து சொல்லுங்கள்.